பந்து வராத கை

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தாய் போனில் கேட்டார்: "எவனும் கையால தொடல்ல தம்பி, வெறும் படந்தானே. அதுக்கேன் புள்ளைக்கு வயிறு நோகுது?"

மகள் சாதாரண தரப் பரீட்சை எழுத இருப்பவள். அவள் தும்மும்போது எடுத்த படத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். நான்கு நாளாகப் பிள்ளை பாயைவிட்டு எழும்பவில்லை. மட்டக்களப்பில் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வதுண்டு. இப்போது அந்த வேலையைப் போன் செய்கிறது. வீட்டில் கண்ணூறு கழித்து, நூலும் கட்டியாகிவிட்டது.

பயந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் சுரக்கும், குடல் குழம்பும், நித்திரை கெடும். வயிற்று நோவுக்கு இந்தப் பள்ளிக்கூட விளக்கம் போதும். ஆனால் வெறும் படம் மூளைக்கு ஏன் ஆபத்தாகப் படுகிறது? எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை இங்கேதான் வருகிறது.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் நாயோடு இருந்தார். எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று அவர்மேல் வந்து பட்டது. விளையாடிக்கொண்டிருந்த இருவருக்கும் திருப்பி எறிந்தார்; அவர்களும் இவருக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் விளையாடத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்தான், ஆனாலும் மனுசனுக்குச் சுருக்கென்றது. நானாக இருந்தால் வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன். அவரோ அதைக் கணினி விளையாட்டாக்கினார். பெயர் சைபர்பால்.

திரையில் இரண்டு உருவங்கள், கீழே உங்கள் கை. பந்து முதலில் உங்களுக்கும் வரும். அப்புறம் வராது. அவன் இவனுக்கு, இவன் அவனுக்கு. உங்கள் கை சும்மா கிடக்கும். சில நிமிடம் போதும், மனம் சுருங்கிவிடுகிறது. 2004இல் இன்னொரு படி போனார்கள்: 'எதிரில் ஆளே இல்லை, கணினிதான் எறிகிறது' என்று முன்கூட்டியே சொல்லியும் பார்த்தார்கள். அப்போதும் நொந்தது!

2003இல் நயோமி ஐசன்பெர்கர் குழு 13 பேரை மூளை ஸ்கேனருக்குள் இதே விளையாட்டை விளையாட வைத்தது. பந்து வராதபோது, உடல் வலியின் தவிப்போடு தொடர்புள்ள, மூளையின் முன் சிங்குலேட் பகுதி கூடுதலாக இயங்கியது. 2010இல் வேறொரு குழு வலி மாத்திரையான பரசிட்டமோல் (பனடோல்) கொடுத்துப் பார்த்தது; மூன்று வாரம் எடுத்தவர்கள் மனம் புண்பட்டதைக் குறைவாகச் சொன்னார்கள். (அதற்காகப் பிள்ளைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் ஈரல் கெடும்.) இரண்டு வலியும் ஒன்றேதான் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே பகுதிக்குள்ளும் இரண்டின் இயக்கக் கோலமும் வேறு வேறு என்று 2014இல் காட்டினார்கள்.

சரி, கல்லடிக்கு வருவோம். குழுவில் 43 பேர். ஸ்டிக்கர் போட்டது ஒருவன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள், ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. ஸ்டிக்கரைவிட அந்த மௌனம்தான் அவளைச் சுட்டிருக்கும் என்பது என் எண்ணம். ஒவ்வொருவரின் மௌனமும் அவளுக்கு வராத பந்து. பள்ளிக்கூடத்தில் என்றால் மணியடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடலாம். இது இரவு பன்னிரண்டு மணிக்கும் தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

போனைப் பறித்தால் சரியா என்றும் அந்தத் தாய் கேட்டார். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதினரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், இணையத்தில் மட்டும் வதைபட்டவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலும் வகுப்பறை வதைதான் போனுக்குள்ளும் தொடர்கிறது. போனைப் பறித்தால் மிச்சமிருக்கும் கூட்டாளிமாரும் போய்விடுவார்கள். அவசரத்துக்கு இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணும், 1929 என்ற சிறுவர் உதவி எண்ணும் இருக்கின்றன.

ஸ்கேனருக்குக் கோடிகள் வேண்டும். சைபர்பாலுக்குப் பழைய லேப்டாப் ஒன்று போதும், மென்பொருளும் இலவசம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ யாராவது ஒரு மாணவர் இதை நம் பிள்ளைகளிடம் தமிழில் செய்து பார்க்கச் சின்னதாக ஒரு நிதி ஒதுக்கினால் என்ன? நூல் கட்டச் செலவாகும் காசே அதைவிடக் கூட.

ஐந்தாம் நாள் வகுப்புத்தோழி ஒருத்தி கணக்குக் கொப்பியோடு சைக்கிளில் வந்திருக்கிறாள். பிள்ளை எழும்பி முகம் கழுவினாளாம். நூல் வேலை செய்துவிட்டது என்கிறார் தாய். நான் வாதாடவில்லை.