அட்லாண்டாவில் ஆஸ்துமாவைக் குறைத்தது எது?

1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் நடந்த 17 நாட்களும் நகர மையத்துக்குள் தனியார் கார்கள் நுழையக் கட்டுப்பாடு. காலை உச்சநேரப் போக்குவரத்து 22.5 சதவீதம் இறங்கியது. மூச்சுக்குக் கேடான ஓசோன் வாயு காற்றில் தொடும் அன்றாட உச்ச அளவு சுமார் 28 சதவீதம் குறைந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தால், ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 2001-ல் வெளியான இந்த ஆய்வை, காரைக் குறைத்தால் மூச்சு சீராகும் என்பதற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டினார்கள்.

2010-ல் வேறொரு குழு அதே நாட்களை மறுபடி கிளறியது. இம்முறை தென்கிழக்கு அமெரிக்காவின் மற்ற நகரங்களையும் பார்த்தார்கள். அங்கே ஒலிம்பிக்கும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் ஓசோன் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்திருந்தது! வட்டாரம் முழுவதற்கும் பொதுவான வானிலைக்கு அதில் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் நோய் ஏறி இறங்குவதையும் கணக்கில் சேர்த்ததும், நோயாளிகள் குறைந்ததற்கான ஆதாரம் கிட்டத்தட்டக் கரைந்துபோனது.

அதனால்தான் 'முன்பு, பின்பு' ஒப்பீடு மட்டும் போதாது. கட்டுப்பாடு இல்லாத ஓர் இணை நகரம் வேண்டும். இங்கே மாசு 30 சதவீதம் குறைந்து அங்கே 25 குறைந்திருந்தால், மிச்சமுள்ள 5-ஐத்தான் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதலாம்.

சரி, எந்த மாசை அளப்பது? நுண்துகள் வெகுதொலைவிலிருந்தும் காற்றில் மிதந்து வரும். உள்ளூர்க் கார்கள் குறைந்தாலும் அது லேசாகவே அசையும். வண்டிப்புகையை நேரடியாகக் காட்டிக்கொடுப்பவை நைட்ரஜன் டை ஆக்சைடும் கரித்துகளும். ஓசோன் ஏமாற்றுக்காரன். புதிதாக வெளிவரும் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும் என்பதால், வண்டிகள் குறையும்போது சாலையோரத்தில் ஓசோன் கூடவும் செய்யலாம்.

ஸ்டாக்ஹோமில் ஆய்வாளர்களுக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு 2006 ஜனவரியில் சோதனையாகக் கட்டணம் விதித்தார்கள், ஜூலை முடிவில் நிறுத்தினார்கள், 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள். இப்படிப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டதால் வானிலையின் வேலையையும் கட்டணத்தின் வேலையையும் பிரித்தறிவது எளிதானது. அங்கே மற்ற ஸ்வீடன் நகரங்களோடு ஒப்பிட்டபோதும் குழந்தைகளின் ஆஸ்துமா சிகிச்சை குறைந்திருந்தது. ஆனால் மாசு சட்டென்று இறங்க, ஆஸ்துமா மெதுவாக, ஆண்டுக்கணக்கில்தான் இறங்கியது. 17 நாள் ஆய்வில் அது சிக்கியிருக்காது.