தெரிந்துகொள்ளுதல், முன்குறித்தல், சுயாதீன சித்தம்

"நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" (யோவான் 15:16). வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) இந்த வசனத்தை வாசிக்கும் இன்றைய பிள்ளைகள் 'தெரிந்துகொள்' என்பதை 'அறிந்துகொள்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்தப் பொருள் இல்லை. இது தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் வினை. ஆண்டவர் மனிதரைத் தேர்ந்தெடுக்கிறார் என்ற உபதேசத்துக்கு நம் சபைகளில் வழங்கும் பெயரான 'தெரிந்துகொள்ளுதல்' இந்த வினையிலிருந்து வந்தது.

கிரேக்கத்தில் இது 'எக்லோகே'. 'எக்' என்றால் வெளியே, 'லெகோ' என்றால் பொறுக்குதல். பலவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பது. புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 7 இடங்களில் வருகிறது. தமிழில் 'தெரி' என்பதற்கு ஆராய்ந்து எடுத்தல் என்ற பொருள் மிகப் பழையது. குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. இலங்கைத் தமிழில் 'தெரிவு செய்தல்' இன்றும் அன்றாட வழக்கு.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குறள் சொல்லும் தெரிதல், குணமும் குற்றமும் நாடி, தகுதி பார்த்து எடுப்பது. அப்போஸ்தலன் பவுல் சொல்வது அதற்கு நேர் எதிர். இரட்டையரான யாக்கோபையும் ஏசாவையும் பற்றி எழுதும்போது, "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்" என்கிறார் (ரோமர் 9:11). தகுதி பார்க்கும் சொல்லையே எடுத்து, தகுதி பாராத ஒரு செயலுக்குப் பெயராக வைத்திருக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது 'முன்குறித்தல்'. கிரேக்க வினை 'புரோஓரிட்சோ', 6 இடங்களில் வருகிறது. 'ஹோரோஸ்' என்றால் எல்லை. முன்னதாகவே எல்லை குறித்து வைப்பது என்பது நேர்ப்பொருள். தமிழ்ச் சொல் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. சிலர் இதை 'விதி' என்றோ 'ஊழ்' என்றோ விளக்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊழ் என்பது வினையின் பயன். அதற்கு முகமில்லை, அன்பில்லை. எபேசியர் 1:5-இல் முன்குறிக்கிறவர் ஒரு தகப்பன். எதற்காக முன்குறித்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது: "சுவிகாரபுத்திரராகும்படி", அதாவது தத்துப்பிள்ளைகளாகும்படி.

சரி, இந்த உபதேசத்தைப் பற்றிக் கிறிஸ்தவருக்குள் சண்டை எங்கே? "தேவன் எவர்களை முன்னறிந்தாரோ" என்ற ரோமர் 8:29-இல். ஒருவர் விசுவாசிப்பார் என்பதை முன்னறிந்து தேவன் தெரிந்துகொண்டார் என்பது அர்மீனியரின், அதாவது டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழி வந்தவர்களின், வாசிப்பு. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர்கள், இந்த அறிதல் வெறும் தகவலறிவு அல்ல, உறவு என்பார்கள். அதற்கு ஆமோஸ் 3:2-ஐக் காட்டுவார்கள்: "பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்". மற்ற ஜனங்களைத் தேவனுக்குத் தெரியாதா என்ன? இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனால் "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" அவர் சித்தமுள்ளவர் என்கிற 1 தீமோத்தேயு 2:4-ஐ அதைக்கொண்டு அமுக்கிவிட முடியாது.

அர்மீனியஸ் 1609-இல் இறந்தார். அவருடைய சீடர்கள் 1610-இல் தங்கள் நிலைப்பாட்டைச் சொல்லும் 5 கட்டுரைகளை முன்வைத்தார்கள். நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618-19-இல் கூடிய மகாசபை அவற்றை மறுத்தது. இதில் அர்மீனியர் பக்கத்துக்கு அடிக்கடி ஓர் அநியாயம் நடக்கிறது. மனிதன் சொந்த பலத்தில் தேவனிடம் திரும்பலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கிருபை முந்தி வராமல் யாராலும் முடியாது என்றே அவர்களும் எழுதினார்கள். அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா என்பதில்தான் இரு பக்கமும் பிரிகிறது. சொந்த பலம் போதும் என்ற கருத்து பழங்காலப் போதகர் பெலாகியுசின் பெயரோடு சேர்ந்தது. சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் அதை எதிர்த்து எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது.

மூன்றாவது சொல், மனிதனின் பக்கத்தைச் சொல்வது. இலத்தீனில் 'லீபெரும் ஆர்பித்ரியம்'. 'லீபெரும்' என்றால் சுதந்திரமான, 'ஆர்பித்ரியம்' என்றால் முடிவு செய்யும் அதிகாரம். தமிழில் 'தன்விருப்பம்', 'சுயசித்தம்', 'சுயாதீன சித்தம்' என்று பல விதமாக எழுதுகிறார்கள். 'சுயாதீன சித்தம்' என்பதையே நான் எடுப்பேன். ஆதீனம் என்றால் ஆளுகைக்கு உட்பட்டிருப்பது. சித்தம் யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்பதுதானே கேள்வி! மனிதனுக்கு விருப்பமே இல்லை என்று சீர்திருத்தவாதி லூத்தர் சொல்லவில்லை. சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுதிய அறிஞர் எராஸ்மஸுக்கு மறுப்பாக 1525-இல் எழுதிய நூலில், சித்தம் ஒரு சவாரி மிருகம் போல, கடவுளோ பிசாசோ அதன்மேல் ஏறி நடத்துவார் என்றார். இந்த வாதத்தை 'தன்விருப்பம்' என்ற சொல் தாங்காது.

கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு எபேசியர் 1:4-இல் 'தேர்ந்தெடுத்தார்' என்கிறது. இன்றைய வாசகருக்கு அதுவே தெளிவு. பிரசங்கத்திலும் தாராளமாகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. கர்த்தர் இஸ்ரவேலைத் 'தெரிந்துகொண்டார்' என்னும் உபாகமம் 7:6-இலும், "ஜீவனைத் தெரிந்துகொண்டு" என்று மனிதனுக்குச் சொல்லும் 30:19-இலும் எபிரெயத்தில் இருப்பது 'பாகார்' என்ற ஒரே வினை. பழைய திருப்புதல் இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைக் காத்திருக்கிறது. 'தேர்ந்தெடுத்தல்' என்று மாற்றுகிறவர்கள் இரண்டு இடத்திலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.