விசாரணையைச் சந்திக்கும் மனத்தெளிவை எப்படி அளக்கிறார்கள்?

'குற்றம் செய்தாயா, இல்லையா?' என்று கேட்டால் வாயே திறக்காமல் நிற்பவர்கள் பழைய இங்கிலாந்து நீதிமன்றங்களுக்குப் பெரிய தலைவலி. பதில் வராமல் விசாரணையைத் தொடங்க முடியாது. அதனால் ஜூரியைக் கூட்டி முதலில் ஒன்றை முடிவு செய்வார்கள்: இந்த ஆள் வேண்டுமென்றே பேசாமல் நிற்கிறாரா, கடவுள் செயலால் பேச முடியாதவரா? வேண்டுமென்றேதான் என்று தெரிந்தால், படுக்கவைத்து நெஞ்சின்மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். பதில் வரும், இல்லையென்றால் உயிர் போகும். 1772-இல்தான் இதை ஒழித்தார்கள். நடைமுறை கொடூரமானது. ஆனால் 'முடியவில்லையா, மாட்டேன் என்கிறாரா?' என்ற அந்தக் கேள்விதான் இன்றைய மனநல மதிப்பீட்டுக்கும் அடிப்படை.

1836-இல் காது கேளாத ஒருவர் மீதான பிரிட்சர்டு வழக்கில் கேள்வி விரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தெரிவித்தால் மட்டும் போதாது. விசாரணை போகிற போக்கைப் புரிந்துகொண்டு தன் பக்கத்தை எடுத்துவைக்கும் அளவுக்கு அறிவும் வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதை 'பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கும்' வாதத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது குற்றம் நடந்த நேரத்து மனநிலையைப் பற்றியது. இங்கே கேட்பதெல்லாம் இன்றைய நிலை. தெளிவான புத்தியோடு கொலை செய்தவருக்கு, கைதான பின் மூளையில் அடிபட்டு எதுவும் விளங்காமல் போகலாம். தலைகீழாகவும் நடக்கும்: குற்றம் நடந்தபோது நிலைகுலைந்திருந்தவர் இன்று தெளிவாக இருக்கலாம்.

அமெரிக்காவில் இதற்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1960-இல் டஸ்கி வழக்கில் வகுத்தது. இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருப்பது போதாது. வழக்கறிஞரோடு ஓரளவு பகுத்தறிவோடு கலந்து பேசத் தெரிய வேண்டும். வழக்கைப் பற்றிய தகவல்கள் தெரிவதோடு, அவற்றைப் பகுத்தறிந்து புரிந்துகொள்ளவும் வேண்டும். மிகச் சிறிய தீர்ப்புதான், ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளின் மதிப்பீடுகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

சரி, 'பகுத்தறிந்து புரிந்துகொள்வதை' எப்படி அளப்பது? மேக்கேட்-சிஏ என்றொரு கருவி இருக்கிறது. மொத்தம் 22 கேள்விகள். முதலில் ஒரு கற்பனைக் கதை சொல்வார்கள்: மதுக்கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த இருவருக்குள் சண்டை வந்து, ஒருவர் மற்றவரைக் கோலால் அடித்துவிடுகிறார். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு வேலை என்ன, ஜூரி எதற்கு என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி கேட்பார்கள். வெறும் அறியாமையையும் இயலாமையையும் பிரித்துக் காட்டுவது இந்த மறுகேள்விதான். சட்டம் தெரியாத யாரும் முதல் முறை தடுமாறலாம், அதில் நோய் எதுவும் இல்லை. அடுத்து, இரண்டு தகவல்களில் எதை வழக்கறிஞரிடம் சொல்வது அதிகம் உதவும் என்பதுபோன்ற கேள்விகள் வரும்.

கடைசிப் பகுதிதான் நுட்பமானது. அங்கே கற்பனைக் கதையை விட்டுவிட்டு, மதிப்பிடப்படுபவரின் சொந்த வழக்குக்கு வருகிறார்கள். 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நியாயம் கிடைக்குமா?' என்று கேட்டால் 'கிடைக்காது' என்கிறார். இந்தப் பதிலுக்கு மதிப்பெண் இல்லை, அதற்கு அவர் சொல்லும் காரணத்துக்குத்தான். 'என்மேல் ஏற்கெனவே இரண்டு வழக்குகள் உண்டு, போலீசுக்கு என்னைப் பிடிக்காது' என்றால் அது நியாயமான பயம். 'நீதிபதி மின்விசிறி வழியாக என் எண்ணங்களைப் படிக்கிறார்' என்றால் கதையே வேறு. இவரிடம் நீதிபதியின் வேலை என்ன என்று கேட்டால் பிசகில்லாமல் சொல்லியிருப்பார். தன் விஷயம் என்று வரும்போதுதான் மாயநம்பிக்கை குறுக்கே வருகிறது.

ஆகவே நோயின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் தன் வழக்கறிஞரோடு நன்றாகவே ஒத்துழைக்கக்கூடும். நினைவு போய்விட்டது என்பது மட்டும் போதாது. 1959-இல் இங்கிலாந்தில் பொடோலா என்பவர், சம்பவமே நினைவில்லை என்றார். ஜூரி நம்பவில்லை. மறதி உண்மையாகவே இருந்தாலும் விசாரணை நடத்தலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

நடிப்பவர்களைப் பிடிக்கும் வழியும் சுவாரசியமானது. ஐம்பது படங்களைக் காட்டுவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் புதிய படம் ஒன்றோடு சேர்த்துக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஏறத்தாழ 25 சரியாக வரும். ஒருவருக்குப் பன்னிரண்டுதான் சரி என்றால், தற்செயலாக அப்படி அமைவது மிக அரிது. சரியான விடை தெரிந்துதான் தவறாகச் சொல்லியிருப்பார். ஆனாலும் நல்ல நடிகர்கள் உண்டு. நியூயார்க் மாஃபியா தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே பல ஆண்டுகள் குளியல் அங்கியோடு தெருவில் முணுமுணுத்தபடி திரிந்தார், மருத்துவர்களும் நம்பினார்கள். அது நடிப்புதான் என்று 2003-இல் அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

தகுதி இல்லை என்று முடிவானால் வழக்கு முடிந்துவிடாது, நின்று காத்திருக்கும். மருத்துவமனையில் மருந்து, கூடவே நீதிமன்ற நடைமுறை பற்றிய பாடம். பெரும்பாலானவர்கள் தேறி விசாரணைக்குத் திரும்புகிறார்கள். மருந்து வேண்டாம் என்று மறுத்தால்? 2003-இல் செல் என்பவரின் வழக்கில், கடுமையான நிபந்தனைகளோடு மட்டுமே கட்டாயப்படுத்தலாம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒரு நிபந்தனை, பக்கவிளைவுகள் விசாரணையையே கெடுத்துவிடக் கூடாது என்பது. மருந்து மயக்கத்தில் உணர்ச்சியற்று உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து, 'கொஞ்சமும் வருத்தப்படவில்லையே' என்று ஜூரி நினைத்துவிடலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் முற்றிய மறதிநோய்க்கும் இப்படித் தெளியவைக்கும் மருந்து கிடையாது. இண்டியானாவில் காது கேளாத, வாய் பேச முடியாத, அறிவுத்திறன் குறைந்த இளைஞர் ஜாக்சன் மீது இரண்டு வழிப்பறிக் குற்றச்சாட்டுகள். ஒன்றில் நான்கு டாலர் மதிப்புள்ள கைப்பையும் அதிலிருந்த பொருள்களும், மற்றதில் ஐந்து டாலர் பணம். விசாரணைக்குத் தகுதி வரும்வரை அடைத்துவைக்க உத்தரவு. தகுதி வரவே வராது என்றால் அது ஆயுள் சிறைதான். தேறுவாரா என்று கண்டறியத் தேவையான நியாயமான காலம்வரைதான் இதைக் காரணம் காட்டி அடைத்துவைக்கலாம், தேற வாய்ப்பில்லை என்றால் விடுவிக்க வேண்டும் அல்லது மற்ற குடிமக்களைப் போலவே தனி நடைமுறைப்படி மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான காலம் என்றால் எத்தனை மாதம் என்று அது சொல்லவில்லை. மாநிலங்கள் ஆளுக்கொரு வரம்பு வைத்துக்கொண்டன. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல், குற்றம் நிரூபிக்கப்படாத நிலையிலேயே சிறையில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.