சைக்கிளை எங்கே இறக்குவது?

தங்கச்சியின் மகன் துபாயில் வேலை செய்கிறான். போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். ஜூலைக் கடைசியில் நண்பர்கள் மூன்று பேரோடு ஓமானின் சலாலா வரைக்கும் ரோட்டு வழியாகப் போகிறார்களாம். ஜீப்பின் பின்னால் நாலு மவுண்டன் சைக்கிள். வழியில் ஏழு இடங்களில் இறக்கி ஓட்டுவதாகத் திட்டம். "மாமா, லிஸ்ட் சரியா?" என்று கேட்டிருந்தான்.

நானும் துபாயில் சைக்கிள் கடையொன்றில் ஏழு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது இலங்கையில், பண்டாரவளையில் சொந்தப் பட்டறை. வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. பட்டியலைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஏழும் யாரோ போட்ட படங்களைப் பார்த்துப் பொறுக்கிய இடங்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்கள் என்று ஓரிடத்துக்கும் எழுதவில்லை. இதே மாதிரிப் பட்டியலோடுதான் எங்கள் பக்கமும் வேன்கள் வந்து நிற்கின்றன. அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாலைவனம். துபாயிலிருந்து சலாலாவுக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். ஓமானில் நிஸ்வா, ஆதம் என்ற ஊர்களைத் தாண்டினால் அப்புறம் சரளைக்கல் வெளிதான். நடுவில் ஹைமா என்று ஒரு சிற்றூர். பெற்றோல் ஷெட்டுகள் தூரந்தூரமாக இருக்கும். அந்தத் துண்டில் சைக்கிளைத் தொடவே வேண்டாம் என்று முதல் வெட்டு வெட்டினேன். அது வாகனம் ஓட்டும் துண்டு, அதுவும் பகலில். இருட்டினால் ஒட்டகம் ரோட்டில் நிற்கும். லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது அதன் கால்கள் மட்டும்தான். முழு உருவம் தெரிகிறபோது பிரேக் பிடித்துப் பயனில்லை.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெட்டவெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சம்பளத்துக்கு உழைக்கிறவனையே நிழலுக்குப் போகச் சொல்லும் நேரத்தில், சொந்தக் காசைச் செலவழித்து வெயிலில் மிதிக்கப் போகிறவனை என்ன சொல்வது? துபாயின் ஹத்தா மலைப்பாதைகள் அருமையானவை, நானே பல தடவை ஓட்டியிருக்கிறேன், ஆனால் குளிர்காலத்தில். ஒருமுறை மே மாதம், பத்து மணி தாண்டியதும் எங்கள் கடைப் பையன் ஒருவனுக்கு வியர்வை நின்றுவிட்டது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். நல்ல வேளை, வாகனம் பக்கத்திலேயே நின்றது. நிழலில் கிடத்தி, இருந்த தண்ணீரையெல்லாம் அவன் உடம்பில் ஊற்றி, அட்டைப் பெட்டியால் விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பேச்சுக் குழம்புகிறது என்றால் அது சாதாரணக் களைப்பல்ல. குடிக்கக் கொடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வெயில் காலத்தில் மிதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்று கணக்கு வைத்து, வாகனம் பழுதாகி ஒரு நாள் நின்றால் தேவைப்படுவதைத் தனியாக ஏற்ற வேண்டும்.

டயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் பாலைவனங்களில் சைக்கிள்காரர்கள் ஆட்டுத்தலை முள் என்று ஒன்றைத் திட்டித் தீர்ப்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்க்கும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பால் மாதிரியான அடைப்புத் திரவம் அந்த ஓட்டையைத் தானாக அடைக்கும். ஆனால் வெயிலில் மூடிக் கிடக்கும் வாகனத்துக்குள் சைக்கிளைப் போட்டு வைத்தால் திரவம் சீக்கிரம் காய்ந்து ரப்பர்த் தோலாக ஒட்டிவிடும். கிளம்புவதற்கு முன் டயரைக் குலுக்கி, உள்ளே சலசலக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாலே போதும்.

சலாலாவில் கதை வேறு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே கரீஃப் என்ற தூறல் காலம். மலையெல்லாம் பச்சை, ரோட்டில் பனிமூட்டம், பாதையில் சேறு. அதைக் கொண்டுவருவது நம் ஹற்றன் பக்கத்தை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மலையில் வளர்ந்தவன் என்பதால் அந்தச் சேற்றைப் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அல்லவா இதில் கோட்டை விடுகிறோம்?

நான் விட்ட கோட்டையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஓர் ஓகஸ்ட் மாதம். கொழும்பிலிருந்து ஐந்து இளைஞர்கள் விடியற்காலையில் வேனில் புறப்பட்டு, வழியில் நின்று நின்று ஹப்புத்தளைக்கு வந்தபோது பின்னேரம் மூன்றரை. கீழே வெல்லவாயவுக்கு சைக்கிளில் இறங்க வேண்டும் என்றார்கள். காலையில் போவோம் என்றேன். வெல்லவாயவில் அறைக்குக் காசு கட்டியாகிவிட்டது என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு எங்கே எப்போது இறங்குவது என்பதை முடிவு செய்தது நானும் இல்லை, வானிலையும் இல்லை, அந்த அறை வாடகை.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய சுமார் நாற்பது கிலோமீற்றர். அதற்குள் ஏறக்குறைய 1,200 மீற்றர் இறக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்கினால் அத்தனை சூடும் உள்ளங்கை அகல டிஸ்க்குக்கும் விரல்நுனி அளவு பிரேக் கட்டைக்கும்தான் போகும்.

ஒருவனுடைய சொந்த சைக்கிள். பிரேக் எண்ணெய் பல வருடமாக மாற்றாதது என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழி கட்டும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். கொஸ்லந்தை தாண்டி ஒரு வளைவில் அவன் பிரேக்கைப் பிடிக்க, கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் கடைசி வரை வந்துவிட்டது. புத்திசாலிப் பையன், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து வடிகால் கானுக்குள் விட்டான். காறை எலும்பு முறிந்தது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த சைக்கிளின் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன். முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, ஓரத்தில் கருகிய மணம். புறப்படுவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பாதியாவது எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இப்போது என் பட்டறையில் இரண்டு விஷயத்தில் பேரம் கிடையாது. பகல் இரண்டு மணிக்குப் பிறகு பெரிய இறக்கம் எதையும் தொடங்குவதில்லை. பிரேக் கட்டையில் தேய்வதற்கு ஒரு மில்லிமீற்றர் மிச்சமில்லாவிட்டால், அது யாருடைய சைக்கிளாக இருந்தாலும், மாற்றாமல் விடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இறக்கத்தில் நிறுத்தங்களை பிரேக்குக்காகத்தான் குறிக்க வேண்டும். வெல்லவாய இறக்கம் என்றால் பெரகலைச் சந்தியில் ஒன்று, கொஸ்லந்தை டவுனில் ஒன்று, 220 மீற்றர் உயர தியலும நீர்வீழ்ச்சியடியில் ஒன்று. கடையில் ரொட்டியும் பிளேன்டியும் சாப்பிட்டு எழும்புவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். தொட்ட ஒருவருக்கு டிஸ்க்கின் ஓட்டை வடிவத்திலேயே தழும்பு இருக்கிறது. சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரும் ஊற்றாதீர்கள், தகடு கோணும். ஓட்டும்போது வளைவுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு விட்டுவிடுங்கள். கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே போவதுதான் கட்டையைக் கருக்கும்.

நுவரெலியாப் பக்கம் இன்னொரு தொல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் நனைந்த உடம்போடு காற்றில் இறங்கினால் முதலில் விறைப்பது விரல். மூளை பிரேக் என்கிறது, விரல் மடங்குவதில்லை. மேலே, இறங்குவதற்கு முன்னாலேயே நிறுத்தி, காய்ந்த சட்டை மாற்றி, கையைச் சூடாக்க வேண்டும்.

மழையை மாவட்டத்தை வைத்துக் கணக்குப் போடாமல் மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் நனையும். அதே நாட்களில் எங்கள் பண்டாரவளை இருக்கும் ஊவாவில் காய்ந்த கச்சான் காற்று வீசும். ஒக்டோபரிலிருந்து ஊவாவுக்கு மழை. இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் பின்னேரமானால் இடி. ஆகவே எந்த மாதம் வந்தாலும் சைக்கிள் காலையில், வேன் பின்னேரத்தில். ஹப்புத்தளைக்குப் பக்கத்து மலையுச்சியான லிப்டன் சீட்டுக்குக்கூட விடியலில் போனால்தான் காட்சி. கொஞ்சம் வெயில் ஏறினாலே முகில் மூடிவிடும்.

மண்சரிவை விளையாட்டாக எடுக்காதீர்கள். கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயக் குடியிருப்புகளோடு மண்ணுக்குள் போனவர்கள் நம் ஆட்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டிப் போட்டது. வரைபடத்தில் பாதையென்று தெரிவது தரையில் இல்லாமலும் இருக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சளில் இருந்தாலே நான் தோட்டப் பாதையில் யாரையும் இறக்குவதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்கலாம். அதைவிட அந்தத் தோட்டத்து ஆட்களைக் கேட்பது இன்னும் நல்லது.

தோட்டப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பாதைக்குக் குறுக்கே கான் வெட்டியிருப்பார்கள், புல் மூடியிருக்கும், முன் சக்கரம் அதற்குள் விழுந்தால் ஆள் கொழுந்துச் செடிக்கு மேலால்தான் போவார். மருந்தடிக்கும் மலைக்குக் கீழே ஓடும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் வாயில் வைக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அக்காமார் தலைச்சுமையோடு வரிசையாக வருவார்கள். இறங்கி ஓரமாக நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து மணியடித்தால் அந்தச் சுமையோடு அவர்கள் எங்கே ஒதுங்குவது? மலைநாட்டில் 22 பகுதிகளாகப் போகும் பீக்கோ ட்ரெயில் என்ற பாதையும் நடக்கிறவர்களுக்காகப் போட்டது. எல்லாப் பகுதியிலும் சைக்கிள் சரிவராது.

கீழே வெல்லவாய தாண்டியதும் வெக்கையும் யானையும். புத்தல – கதிர்காம ரோட்டில் சைக்கிளை வேனுக்குள்ளேயே வைத்திருங்கள். சலாலா ரோட்டு ஒட்டகத்துக்குச் சொன்னது இங்கே யானைக்கும் பொருந்தும்.

மருமகனுடைய ஏழில் இப்போது மூன்றுதான் மிச்சம். ஹைமாவில் இரவு தங்க அறை பார்த்திருக்கிறான். ஓமானின் ஜபல் அக்தர் மலையை மட்டும் விடமாட்டேன் என்று நிற்கிறான். நுவரெலியாவைவிடக் கொஞ்சம் உயரமான மேட்டுநிலம். செங்குத்து ரோடு என்பதால் ஃபோர் வீல் வாகனம் இல்லாதவர்களைப் பொலிஸார் கீழேயே திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து சைக்கிளில் இறங்குவதாம், அதுவும் பின்னேரம் நாலரைக்கு, வெளிச்சம் படத்துக்கு நன்றாக இருக்குமாம். முதலில் பிரேக் கட்டையைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.