“நான்தானே போகச் சொன்னது”: போரில் அணியை நடத்தியவர்களின் மனக்காயம்

இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதத்தில். ஊவா மலைப்பக்கத்தில் நாங்கள் நடத்தும் மனநலக் கிளினிக்குகளுக்குப் போர்முனையில் நின்றவர்கள் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தாங்களாக வருபவர்கள் குறைவு. மனைவியோ அக்காவோ கையைப் பிடித்துக் கூட்டி வருவார். “தூக்கம் இல்ல டொக்டர்”, “சும்மா சும்மா கோவம் வருது”, “குடிய விட முடியல” என்பார்கள். முதல் சில சந்திப்புகளில் போர் என்ற பேச்சே எழாது.

மலையகத்துக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தியத்தலாவையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்து வைத்தது அங்கேதான். இலங்கை இராணுவத்தின் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி இருப்பதும் அங்கேதான். ஓய்வு பெற்ற படையினர் பலர் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கங்களில் குடியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் சிங்களவர்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் சிலர் உண்டு.

மறுபக்கத்தில், 1977இலும் 1983இலும் அடிபட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போன குடும்பங்கள். அவர்களுடைய பிள்ளைகள் செல்லடிக்குள்ளேயே வளர்ந்தார்கள். சிலர் விரும்பிப் புலிகள் இயக்கத்துக்குப் போனார்கள், சிலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தார்கள். அவர்களில் தாத்தா பாட்டி இருந்த தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். கிளினிக் நாளில் இரு தரப்பும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கும். ஒருவருக்கொருவர் தெரியாது. என் அறைக்குள் இருவரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த இருவரிலும் ஒரு வகையினரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்: பத்துப் பேரையோ முப்பது பேரையோ நடத்தியவர்கள். கோப்ரல், சார்ஜன்ட், இயக்கத்தில் என்றால் அணிப் பொறுப்பாளர். உயிர் போகும் என்ற பயத்தில் ஏற்படும் காயம் ஒன்று. 1915இலேயே ஆங்கிலேய மருத்துவர் சார்ள்ஸ் மயர்ஸ் அதை ‘ஷெல் ஷொக்’ என்று எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலில் அது முறையான நோயாக இடம்பிடித்தது. கொடுங்கனவு, திடுக்கிடல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் எல்லாம் அதன் அறிகுறிகள். தலைவர்களிடம் இதோடு இன்னொன்றும் இருக்கும். வியட்நாமில் போரிட்டவர்களுக்கு பொஸ்டனில் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே போன்ற மருத்துவர்கள் 1990களில் அதைத் தனியாகப் பிரித்துப் பேசினார்கள். மனச்சாட்சியில் விழும் காயம். தன்னால், தன் சொல்லால், இன்னொருவர் போய்விட்டார் என்ற எண்ணம். பயத்துக்கான சிகிச்சையை மட்டும் கொடுத்தால் இது ஆறாது.

இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் கொழுந்து பறிக்கும் தாய். வன்னியில் பெண் பிள்ளைகள் அணி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர். தலையிடி என்றுதான் வந்தார். கூட வந்த மகன் பேச்சோடு பேச்சாக, “அம்மா எங்கள எங்கயும் போகச் சொல்ல மாட்டாங்க, கடைக்குக்கூட அவங்களேதான் போவாங்க” என்றான். மழையோ குளிரோ, வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு இறாத்தல் பாணுக்கு மேட்டில் ஏறி இறங்குவது அவர்தான். பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று புருஷனுக்குக் கோபம். பல மாதம் கழித்துத்தான் விஷயம் வந்தது. காயப்பட்ட பிள்ளையைத் தூக்கி வர இரண்டு பேரைப் போகச் சொல்லி வோக்கியில் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் வரவில்லை. “நான்தானே டொக்டர் போகச் சொன்னது” என்றார். அன்றிலிருந்து ‘போயிட்டு வா’ என்ற சொல்லை யாரிடமும் அவரால் சொல்ல முடியவில்லை.

மற்றவர் மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்த சார்ஜன்ட். வடக்கில் பல வருடம் நின்றவர், அந்தக் காலம் முழுவதும் ஒரு மாத்திரைகூட எடுக்காதவர். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது தேடலுக்குப் போன படையினரில் ஒருவர். இருட்டியதும் வேலையை நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு. அவர்தான் அதைத் தன் ஆட்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. உறவுகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிரவே பழைய கனவு வந்துவிட்டது. பின்வாங்கும்போது ஆட்களை எண்ணுகிறார், ஒரு ஆள் குறைகிறது. இப்போது தோட்டத்துத் தொழிற்சாலையில் காவலாளி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களை எண்ணுவார், பஸ்ஸில் ஏறினால் எண்ணுவார், இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு எழுந்து எண்ணுவார். வீட்டில் இருப்பது நாலு பேர், அதையும் மூன்று தடவை எண்ணுவார்.

அவர்கள் இருவரும் தங்களைத் தாங்களே விசாரித்துத் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். அந்த விசாரணையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. குடும்பங்களும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயிராபத்தில் அட்ரினலின் பெருகும்போது இதயம் அடித்துக்கொள்ளும், பார்வை குறுகி எதிரில் உள்ள ஒன்றில் மட்டும் குத்தி நிற்கும். பக்கத்தில் வெடிப்பதுகூடச் சிலருக்குக் காதில் விழாது. சில விநாடிகள் பல நிமிடங்களாக நீளும். அந்த நேரத்தில் எந்தத் தலைவரும் நாலு வழிகளை அடுக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பயிற்சியில் ஊறியது கையில் வரும், முன்பு பார்த்த ஒரு நிலைமையோடு இது ஒத்துப்போகிறதா என்று மூளை ஒரு நொடியில் பார்க்கும், வாய் உத்தரவு கொடுத்துவிடும். குரல் நடுங்காமல் கொடுத்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள் என்பதால் சந்தேகத்தை வெளியில் காட்டவும் முடியாது. நினைவும் முழுதாகப் பதிவதில்லை. ஒரு சத்தம், ஒரு முகம், மண்ணெண்ணெய் வாடை என்று துண்டு துண்டாகத் தங்கும். இடையில் உள்ள வெற்றிடங்களைப் பிற்காலத்து மனம் நிரப்பிக்கொள்ளும், அதுவும் தனக்கு எதிராகவே நிரப்பும்.

இன்று அவருக்கு எல்லாம் தெரியும். எதிரி எங்கே நின்றான், செல் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் திரும்பி வரவில்லை. அன்று அவருக்குத் தெரிந்தது வோக்கியில் வந்த அரைகுறைப் பேச்சு மட்டும். இன்றைய அறிவை வைத்து அன்றைய மனிதனுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

அதனால் சிகிச்சையில் நாங்கள் அந்த நிமிடத்துக்கே திரும்பிப் போகிறோம். அவசரமில்லாமல், பாதுகாப்பாக, அவர் தயாரான பிறகு. ஒரு தாளும் பென்சிலும் போதும். எங்கே நின்றீர்கள்? எது தெரிந்தது? வேறு என்ன வழி இருந்தது, அந்த வழியில் போயிருந்தால் யார் ஆபத்தில் இருந்திருப்பார்கள்? சார்ஜன்ட், பின்வாங்கிய அன்று தான் நின்ற மண்மேட்டைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு நாள் தானாகவே பென்சிலை வைத்துவிட்டு, “இங்க இருந்து அவன் நின்ட இடம் தெரியாது, சேர்” என்றார். அந்த வசனத்தை நான் சொல்லியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

எல்லாரும் குற்றமற்றவர்கள் என்ற முடிவுக்குத் தள்ளுவது எங்கள் வேலை அல்ல. சிலருக்கு உண்மையிலேயே செய்த தவறு மிஞ்சும். அதை மறைக்காமல் ஏற்று, எப்படிச் சுமந்து வாழ்வது, யாருக்கு என்ன ஈடு செய்யலாம் என்று பேசுவதும் சிகிச்சைதான்.

நம் பண்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேர அரசன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விட்டதைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. இரண்டாயிரம் வருடமாக நாம் அதை வீரம் என்று படித்து வருகிறோம். வெட்கத்தில் சாகத் துணிந்த ஒரு படைத்தலைவனைத்தான் நான் அதில் பார்க்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்திருக்க வேண்டும். “அவனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்” என்று யாராவது சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மரக்கறித் தோட்டம் செய்யும் வீடுகளில் பூச்சி மருந்துப் போத்தல்களை அவருக்குக் கிடைக்காத இடத்தில் பூட்டி வையுங்கள்.

வீட்டிலுள்ளவர்கள் “நடந்தது நடந்து போச்சு, மறந்துடு” என்று சொல்வது பாசத்தில்தான். கேட்பவருக்கோ, இறந்தவனை மறந்துவிடு என்று அது விழும். “உன் மேல பிழை இல்ல” என்று அவசரப்பட்டுச் சொன்னாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவன்?” என்று கேட்டுப் பாருங்கள். இறந்தவரைப் பற்றி உயிரோடு இருந்தவராக யாரும் இவர்களிடம் கேட்டதே இல்லை.

கனவில் அலறும்போது தொட்டு எழுப்ப வேண்டாம், கை ஓங்கிவிடக்கூடும். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், லைட்டைப் போடுங்கள். தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வெடி கொளுத்தும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் அவ்வளவு உலுக்காது. சாராயமும் கசிப்பும் தூங்க வைக்கும், ஆனால் விடியப்புறத்தில் கனவைக் கூட்டிவிடும். கோடாங்கி பார்ப்பதை நான் தடுப்பதில்லை. மனசுக்கு ஆறுதல் என்றால் பாருங்கள், கிளினிக்குக்கும் வாருங்கள். செர்ட்ரலின் போன்ற மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரமாவது ஆகும். ஒரு கிழமையில் பலன் இல்லை என்று நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கிளினிக் கொப்பியில் என்ன எழுதுவார்கள் என்ற பயம் இருப்பதை நான் அறிவேன். இயக்கத்தில் இருந்தவருக்கு விசாரணைக்கு வருவார்களோ என்ற பயம். ஆமியில் இருந்தவருக்குப் பென்சனும் காவல் வேலையும் போய்விடுமோ என்ற பயம். உங்களுக்கு மருந்து செய்ய எந்தப் படையணி, எந்த முகாம், எந்த வருடம் என்ற விபரம் எதுவும் எனக்குத் தேவையில்லை. பெயர்களைச் சொல்லாமலே பேசலாம். அதை முதலிலேயே டொக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போய் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலும் கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். முதல் நாள் வரும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும். இரவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.