பசியைத் திருப்பிக் கொண்டுவரும் ஆரஞ்சுத் தோல்

நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறது, பசியே எடுப்பதில்லை, உடம்பில் தெம்பு இல்லை. இப்படி வருபவருக்குச் சீன மருத்துவர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் கஷாயம் 'சி ஜுன் ட்சு தாங்'. நான்கு சான்றோர் கஷாயம் என்று சொல்லலாம். சோங் பேரரசின் அரசு மருந்தகங்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் வெளியான மருந்துத் தொகுப்பில் இது இருக்கிறது. ஜின்செங், பாய்ஜு என்ற வேர்த்தண்டு, பைன் மர வேரில் வளரும் போரியா பூஞ்சை, தேனில் வறுத்த அதிமதுரம். அவ்வளவுதான்.

பின்னாளில் இதோடு உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் பின்எலியா கிழங்கும் சேர்ந்து ஆறானது. பின்எலியாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையைக் குத்தும். அதனால் பதப்படுத்தித்தான் சேர்ப்பார்கள். இந்த ஆறோடு இஞ்சியும் சீன இலந்தையும் சேர்ந்த வடிவம்தான் ஜப்பானில் 'ரிக்குன்ஷிதோ'. அங்கே டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து அது, காப்பீடும் உண்டு.

விலை உயர்ந்த ஜின்செங்தான் வேலை செய்கிறது என்று பலரும் நினைப்பார்கள். என்னை வியக்க வைப்பது ஆரஞ்சுத் தோல்தான். வெறும் வயிறு கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரந்து, பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. 1999இல் இதைக் கண்டறிந்தவர்களும் ஜப்பானியர்களே. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால் குடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஏராளமாக வெளியாகி, செல்களில் செய்தியை வாங்கிக்கொள்ளும் சில ஏற்பிகள் வழியாகக் கிரெலினைக் குறைத்துவிடும். பசி போய்விடும். அந்த நிலையில் இருந்த எலிகளுக்கு ரிக்குன்ஷிதோ கொடுத்தபோது கிரெலின் ஏறியது, எலிகளும் கூடுதலாகத் தின்றன. 2008இல் வெளியான இந்த ஆய்வில், அந்த ஏற்பிகளை அடைப்பவை ஆரஞ்சுத் தோலில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் என்று தெரிந்தது. கிரெலின் அனுப்பும் செய்தியை அதன் ஏற்பியில் வலுவாக்கும் அட்ராக்டைலோடின் என்ற பொருள் வேறொரு மூலிகையிலிருந்து வருகிறது. ஒன்று சுரப்பைக் காக்கிறது, இன்னொன்று செய்தியைப் பெரிதாக்குகிறது. கூட்டு மருந்தின் அழகே இதுதான்.

சரி, மனிதர்களுக்கு? எண்டோஸ்கோப்பியில் கோளாறு எதுவும் தெரியாத அஜீரணக்காரர்களிடம் ஜப்பானில் சோதித்திருக்கிறார்கள். பலன் இருந்தது, ஆனால் பெரிதல்ல. போலி மருந்து எடுத்தவர்களில் பலருக்கும் குணம் தெரிந்தது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று இருந்துவிடவும் கூடாது. அதிமதுரத்தின் கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும், தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.