புக்கித் தீமாவைவிட உயரமான கற்குவியல்

போன மாதம் அலுவலகத்தில் ஓர் இளம் பொறியாளர், உடைகல் கொட்டிக் கட்டும் வெளிநாட்டு அணை ஒன்றின் கணக்கைக் கொண்டுவந்தார். "அண்ணே, கல்லோட உராய்வுக் கோணம் 47 டிகிரி. லேப் ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு." கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் வலிமையின் அளவு அது; கோணம் பெரிதானால் வலிமை அதிகம். ரிப்போர்ட்டில் தப்பில்லை. சோதித்த அழுத்தம் 100 கிலோபாஸ்கல். அணையோ 150 மீட்டருக்கு மேல்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நமக்கு இந்த உயரம் பழக்கமில்லை. இங்கே உச்சி என்று சொல்லும் புக்கித் தீமா குன்றே 163 மீட்டர்தான். பிரேசிலின் காம்போஸ் நோவோஸ் அணை 202 மீட்டர், உள்ளே முழுக்க உடைகல். அவ்வளவு கல்லுக்கு அடியில் அழுத்தம் 4,000 கிலோபாஸ்கலை ஒட்டி வரும்.

பெரிய கற்கள் ஒன்றையொன்று சில முனைகளில்தான் தொடும். மொத்தப் பாரமும் அந்த முனைகள் வழியாகவே இறங்கவேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் கல் பக்கத்துக் கல்மேல் ஏறிப் புரளும். கோணம் பெரிதாகத் தெரிவது அதனால்தான். பாரம் கூடினால் ஏற இடமில்லை, முனை நொறுங்கும். பொடி இடுக்குகளில் இறங்கும், அணை தாழும். 1970-ல் லெப்ஸ் என்ற பொறியாளர் தொகுத்த உடைகல் சோதனைகளின் சராசரிக்கோட்டில், 100 கிலோபாஸ்கலில் 47 டிகிரி அளவில் இருப்பது 1,000-க்குப் போகும்போது 40-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது.

லேப் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். சோதனை உருளைக்குள் ஒரு மீட்டர் கல் போகாது, சல்லிதான் போகும். பெரிய கல்லில் உள்விரிசல்கள் அதிகம், சீக்கிரம் உடையும். இதற்காகவே மெக்சிகோவில் மார்சல் என்ற பொறியாளர் 113 செ.மீ. விட்டமுள்ள மாதிரிகளைச் சோதித்தார். எல்லாருக்கும் அந்த வசதி கிடைக்குமா என்ன?

அப்புறம் தண்ணீர். காய்ந்த கல் தாங்கிய பாரத்தை நனைந்த கல் தாங்காது. விரிசல் நுனியில் ஈரம் பட்டதும் உடைப்பு தொடரும். கட்டும்போதே கல்லை நனைத்து ரோலர் ஓட்டி அமுக்குவது அதற்குத்தான்.

காம்போஸ் நோவோஸில் 2005-ல் நீர் ஏறியபோது கல் அமுங்கியது. நீரை மறிக்க அணையின் முகப்பில் பதித்த கான்கிரீட் பலகைகளில் கரையோரத்தவை நடுவை நோக்கி நெருக்க, முகப்பு பலகை இணைப்பில் நொறுங்கியது.

எல்லா அழுத்தத்துக்கும் ஒரே கோணம் என்று தம்பி போட்டிருந்த நேர்க்கோட்டை எடுத்துவிட்டு, அழுத்தம் கூடக்கூடக் கோணம் குறையும் வளைகோடு போடச் சொன்னேன். அணைச்சரிவு ஆழத்தில் சறுக்கும் நிலைகளுக்கான கணக்கில், பாரத்தைவிட வலிமை எத்தனை மடங்கு என்று சொல்லும் பாதுகாப்பு எண் இறங்கியது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் லேப்புக்கு அவரே எழுதிவிட்டார்: 2,000 கிலோபாஸ்கல் வரை சோதிக்க முடியுமா, நனைத்த கல்லில்?